சேனி வென்ஜாக்கின் கதையைப் பாட்டாலும் படத்தாலும் சொன்ன ஒரு வகுப்பு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேனி வென்ஜாக், 1966இல் வதிவிடப் பாடசாலை ஒன்றை விட்டு ஓடி, வீட்டுக்கு நடக்கும் வழியில் இறந்த 12 வயதுப் பூர்வகுடிச் சிறுவன். அவன் கதையை ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு பொதுப் பள்ளியின் எட்டாம் வகுப்பில் பாடமாக்கியபோது நடந்தது இது. பள்ளி, ஆசிரியர், மாணவர், பெற்றோர் யாருடைய பெயரும் இங்கே இல்லை. ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களையும் விட்டிருக்கிறேன். நான் அந்தப் பள்ளியின் நூலகத்தில் வேலை செய்கிறேன். வரலாற்று ஆசிரியை, இசை ஆசிரியர், நான் என்று மூவர் சேர்ந்து செய்த வேலை.

வகுப்பில் பெரும்பாலானவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். தமிழ்ப் பிள்ளைகள் கணிசம். பிலிப்பினோ, சீன, கரீபியக் குடும்பங்களும் உண்டு. கனடாவின் பூர்வகுடி மக்களைப் பற்றி வீட்டில் பேச்சே எழாத பிள்ளைகள்தான் பலர்.

ஒன்ராறியோ பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பு வரலாறு 1850இல் தொடங்கி 1914இல் முடிகிறது. வதிவிடப் பாடசாலைகள் அதற்குள் ஒரு பகுதி. முந்தைய ஆண்டுகளில் அதைத் திரையில் சில பக்கங்கள் காட்டி, ஒரு பயிற்சித்தாள் கொடுத்து முடித்துவிடுவார்கள். ஏறத்தாழ 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகள் குடும்பங்களிடமிருந்து பிரிக்கப்பட்டு இப்பாடசாலைகளில் வைக்கப்பட்டார்கள், அரசாங்கம் பணம் கொடுத்தது, தேவாலயங்கள் நடத்தின, கடைசிப் பாடசாலைகள் 1990களில்தான் மூடப்பட்டன. இவ்வளவும் தேர்வில் சரியாக எழுதப்படும். அடுத்த மாதம் கேட்டால் பாதிப் பேருக்கு நினைவிருக்காது. இன்னொரு சிக்கலும் இருந்தது: பாடம் 1914இல் நின்றுவிடுவதால், இதெல்லாம் குதிரை வண்டிக் காலத்துக் கதை என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள்.

வதிவிடப் பாடசாலைகளின் வரலாற்றை விசாரித்த உண்மை மற்றும் மீளிணக்க ஆணைக்குழு 2015இல் வெளியிட்ட 94 பரிந்துரைகளில் 62ஆவது, இந்த வரலாற்றைப் பிள்ளைகளின் வயதுக்கு ஏற்ற விதத்தில் கட்டாயப் பாடமாக்கச் சொல்கிறது. வயதுக்கு ஏற்றது எது என்று யாரும் அளந்து தருவதில்லை. எங்கள் வகுப்பில் எழுந்த சிக்கல்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்தன.

ஏன் இந்தச் சிறுவன்

சேனி வென்ஜாக் 1954 ஜனவரி 19 அன்று பிறந்தவன். வட ஒன்ராறியோவில், மார்ட்டன் ஃபால்ஸ் முதற்குடியைச் சேர்ந்த ஒகோக்கி போஸ்ட் என்ற ஊர், அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்கள். ஒன்பது வயதில் கெனோராவில் உள்ள செசிலியா ஜெஃப்ரி வதிவிடப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டான். பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்தின் பெயரில் நடந்த பாடசாலை அது. அங்கே அவனைச் சார்லி என்று கூப்பிட்டார்கள்.

1966 ஒக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை. சகோதரர்களான வேறு இரண்டு மாணவர்களோடு சேர்ந்து அவன் பாடசாலையை விட்டு ஓடினான். மூவரும் காட்டுவழியே வடக்கே நடந்து ரெடிட் என்ற சிறிய ரயில் நிறுத்தத்தை அடைந்தார்கள். அங்கே அந்தச் சகோதரர்களின் மாமா இருந்தார். சில நாள் கழித்து சேனி மட்டும் தனியாகத் தண்டவாளத்தைப் பிடித்துக் கிழக்கே நடக்கத் தொடங்கினான். வீடு சுமார் 600 கிலோமீற்றர் தள்ளி இருந்தது. பருத்தித் துணியில் மெல்லிய மேற்சட்டை. மாமாவின் மனைவி கொடுத்த சிறு கண்ணாடிக் குப்பியில் சில நெருப்புக்குச்சிகள். ஒக்டோபர் 23 காலை, ஃபார்லேன் அருகே, தண்டவாளத்தின் ஓரத்தில் அவன் கிடப்பதை ஒரு ரயில் சாரதி கண்டார். அவன் நடந்திருந்தது 12 மைலுக்குச் சற்றுக் கூட. வயது 12.

நவம்பரில் கெனோராவில் மரண விசாரணை நடந்தது. அந்த விசாரணையின் யூரிகள், இந்தக் கல்வி முறை பிள்ளைகளுக்குப் பெரும் மன உளைச்சலைத் தருகிறது என்று எழுதினார்கள். இதை ஆராய வேண்டும், இது சரிதானா என்று கேள்வியும் போட்டார்கள். 1967 பெப்ரவரியில் ஒரு தேசிய மாத இதழ் அவன் கதையை விரிவாக வெளியிட்டது. அப்புறம் நீண்ட காலம் அதைப் பரவலாக யாரும் பேசவில்லை. ட்ரெண்ட் பல்கலைக்கழகம் 1973இல் ஓர் அரங்குக்கு வென்ஜாக் என்று பெயர் வைத்தது. மீக்மாக் என்ற பூர்வகுடியைச் சேர்ந்த பாடகர் வில்லி டன் 1970களின் தொடக்கத்திலேயே அவனைப் பற்றிப் பாடிவிட்டார். நாடு முழுவதும் தெரியவந்தது 2016இல், பிரபல ரொக் பாடகர் கோர்ட் டவுனி பத்துப் பாடல்களும் படக்கதைக் கலைஞர் ஜெஃப் லெமீர் ஒரு படக்கதை நூலுமாக ‘சீக்ரெட் பாத்’ என்ற பெயரில் வெளியிட்டபோதுதான். அதன் அனிமேஷன் வடிவம், அவன் உடல் கிடைத்து சரியாக 50 ஆண்டுகள் ஆன நாளில் சிபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. புற்றுநோயால் தனக்கு நாள் எண்ணப்படுகிறது என்று தெரிந்த நிலையில் டவுனி வெளியிட்ட வேலை அது. மறு ஆண்டு ஒக்டோபரில் அவர் காலமானார்.

எங்களுக்கு இது பொருந்தியதற்குக் காரணங்கள் எளியவை. வகுப்பில் உள்ளவர்களின் வயதை ஒட்டிய ஒரு பிள்ளை. 1966 என்பதால் ‘பழங்காலம்’ என்று தள்ள முடியாது. சில மாணவர்களின் தாத்தா பாட்டிகள் அந்த ஆண்டில் பள்ளிக்கூடம் போனவர்கள். படக்கதையில் உரையாடலே கிடையாது, பாடல் வரிகள் மட்டும்தான். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளையும் பக்கம் புரட்ட முடியும். பாட்டும் படமும் இருப்பதால் இசை வகுப்பையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தொடங்குமுன் எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, நடிப்பு வேண்டாம் என்பது. பிள்ளைகளைக் குளிரில் நடக்கவிட்டு ‘உணர வைப்பது’ போன்ற யோசனைகள் இணையத்தில் கிடைக்கின்றன. அரை மணி நேரம் நடந்துவிட்டு சூடான கோக்கோ குடிக்கும் பிள்ளைக்கு அவன் நிலை விளங்கிவிட்டது என்ற தவறான நிறைவுதான் மிஞ்சும். அதனால் கைவிட்டோம்.

இரண்டாவது, அவன் வாயால் பேசுவதில்லை. ‘நான் குளிரில் நடுங்குகிறேன், அம்மா’ என்ற வகைக் கவிதைகள் இப்படியான பாடங்களில் குவியும். எழுதுவது சுலபம், கேட்கவும் உருக்கமாக இருக்கும். அவன் என்ன நினைத்தான் என்பது யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் தாங்கள் நிற்கும் இடத்திலிருந்து, தங்கள் கேள்விகளாக எழுத வேண்டும் என்று சொன்னோம்.

மூன்றாவது, படக்கதையின் சில பக்கங்கள். பாடசாலை இரவுகளின் கொடுமையைச் சொல்லாமல் சொல்லும் பக்கங்கள் அதில் உண்டு. அவற்றை வகுப்பில் திரையில் காட்டுவதில்லை, நூலில் கிளிப் போட்டு மறைப்பதுமில்லை என்று முடிவானது. இந்தப் பாடசாலைகளில் உடல், பாலியல் வன்கொடுமைகள் நடந்தன என்பதை ஆசிரியை நேரடியாக, சுருக்கமாகச் சொல்வார். படம் பார்க்க விரும்பாதவர் கடந்து போகலாம்.

வீட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போனது. வதிவிடப் பாடசாலைகளிலிருந்து உயிர்தப்பியவர்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் உள்ள 24 மணி நேர உதவித் தொலைபேசி எண் அதன் அடியில் இருந்தது. வகுப்பில் பூர்வகுடிக் குடும்பத்துப் பிள்ளை யாரும் இருப்பதாகப் பள்ளிப் பதிவில் இல்லை.

முதற் கட்டம்: கேட்டதும் கீறியதும்

முதலில் வரைபடம், பிறகு 1967 மாத இதழ்க் கட்டுரையின் பகுதிகள், அதற்குப் பிறகு பாடல்கள் என்பது ஒழுங்கு. விளக்கை அணைக்கவில்லை. ஒரு பாட்டு, அதற்குரிய பக்கங்கள், பிறகு கொஞ்ச நேரம் எழுதுதல்.

இசையின் வேலை உடனே தெரிந்தது. வழமையாகப் பின் வரிசையில் சத்தம் போடும் பையன்கள் கூட நூலைக் கையில் வாங்கி அமைதியாகப் புரட்டினார்கள். லெமீரின் படங்கள் பெரும்பாலும் நீலமும் சாம்பலும். வீட்டு நினைவு வரும் இடங்களில் மட்டும் வேறு நிறம் எட்டிப் பார்க்கும். இதை யாரும் சொல்லிக் கொடுக்காமலே பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள்.

நன்றாக ஓடிய பாடம் எதுவென்றால், நெருப்புக்குச்சிப் பாடம்தான். திட்டத்தில் அது இல்லவே இல்லை. பாடல்களில் ஒன்று ஏழு குச்சிகளைப் பற்றியது. 1967 கட்டுரையிலோ, அவன் சட்டைப் பையில் இருந்த குப்பியில் அரை டசின் குச்சிகள், எல்லாம் நனையாமல் காய்ந்திருந்தன என்று இருக்கிறது. ஒரு மாணவன் கையைத் தூக்கி, “அப்போ ஆறா, ஏழா?” என்று கேட்டான். சிலர் சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை. பலகையில் இரண்டு கட்டம் போட்டார்: பதிவில் உள்ளது, கலைஞர் எண்ணிப் பார்த்தது. பிள்ளைகள் நூலையும் கட்டுரையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார்கள். நனைந்த பருத்தி உடை பதிவில் உள்ளது. வழியில் அவன் கண்ட கனவுகள் கலைஞருடையவை. அவன் நடந்த தூரம் பதிவு. அவன் முகத்தில் தெரிந்த உணர்ச்சி கலைஞர்.

அடுத்து, எதிர்பார்த்த கேள்வி வந்தது: குச்சிகள் காய்ந்திருந்தால் அவன் ஏன் நெருப்பு மூட்டவில்லை? காற்று, மழை, விறைத்த விரல்கள், பிடித்துவிடுவார்களோ என்ற பயம் என்று பல பதில்கள். ஆசிரியை மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டார்: யாருக்கும் தெரியாது. அந்தக் கட்டம்தான் கடைசியில் மிக நீளமானது. அங்கிருந்து பெரிய கணக்குக்குப் போவது அவருக்கு எளிதாயிற்று. ஆணைக்குழு பதிவு செய்த மாணவர் மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு, 32 சதவீதத்துக்கு, இறந்த பிள்ளையின் பெயரைக் கூட அரசாங்கமோ பாடசாலையோ எழுதி வைக்கவில்லை. தப்பி ஓடி இறந்த பிள்ளைகள் குறைந்தது 33 பேர். சேனியைப் பற்றி நாம் இவ்வளவு அறிந்திருப்பதே ஒரு விதிவிலக்கு என்று அப்போதுதான் வகுப்புக்கு உறைத்தது. முந்தைய ஆண்டுகளில் இதே எண்கள் திரையில் வந்தபோது யாரும் நிமிர்ந்து கூடப் பார்த்ததில்லை.

இசை வகுப்பில் பிள்ளைகள் ஓர் ஒலிக்கோவை செய்யத் தொடங்கினார்கள். முதலில் பலரும் கையில் எடுக்க நினைத்தது கைமேளம். ‘பூர்வகுடி இசை என்றால் மேளம்தானே’ என்ற நினைப்பு. கைமேளத்துக்கு அந்த மக்களிடையே முறைகள் உண்டு, கற்றுத் தர உரிமை உள்ளவர் இல்லாமல் நாங்கள் அதைத் தொடுவதில்லை என்று இசை ஆசிரியர் விளக்கினார். கையில் இருப்பதை வைத்துத் தண்டவாளத்தை உண்டாக்குங்கள் என்றார். ஒரு மாணவி சின்ன மேளத்தின் மேல் கொஞ்சம் சரளைக்கல்லைப் போட்டு, கம்பித் தூரிகையால் மெதுவாக இழுத்தாள். கல்லில் சப்பாத்து உரசும் சத்தம் அப்படியே வந்தது. இன்னொருவன் கிற்றாரின் தடித்த கம்பியில் நகத்தால் நீளமாகச் சுரண்டினான்; தூரத்தில் ரயில் வருவதுபோல இருந்தது. இசை ஆசிரியர் அதற்கு மேல் எதையும் சேர்க்க விடவில்லை. மெட்டு வேண்டாம் என்றார். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். மெட்டு வந்திருந்தால் அழுகைக்கு ஏங்கும் சினிமா இசையாகிப் போயிருக்கும்.

படங்கள் வேறு திசையில் போயின. வகுப்புச் சுவரில் சேர்ந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே காட்சி: தண்டவாளம், இருட்டு, ஓரத்தில் சுருண்டு கிடக்கும் சிறுவன். கை தேர்ந்த பிள்ளைகள் நன்றாகவே கீறியிருந்தார்கள், அது இன்னும் கனத்தது. கதவைத் திறந்து உள்ளே போனால் ஒரு சுவர் முழுக்க ஒரு பிள்ளையின் பிணம்.

இரண்டு தொலைபேசி அழைப்புகள்

முதல் அழைப்பு ஒரு தமிழ்த் தகப்பனிடமிருந்து வந்தது. தமிழில் பேச வேண்டும் என்று கேட்டதால் என்னிடம் தந்தார்கள்.

“மிஸ், பெடியன் இரவில நித்திரை கொள்ளுறான் இல்லை. வீட்டிலயும் தண்டவாளத்தையே கீறிக்கொண்டு இருக்கிறான். இந்தச் சாவுக் கதையெல்லாம் எங்களுக்குப் போதும் மிஸ். நாங்கள் அதுக்காகத்தானே இஞ்ச வந்தனாங்கள்.”

வன்னியிலிருந்து வந்த குடும்பம். தேடிக் கிடைக்காத உறவினர்கள் அவர்களுக்கும் இருந்தார்கள்; அதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போனார். பாடத்திலிருந்து மகனை விலக்க வேண்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “தெரியாமலும் இருக்கக் கூடாதுதானே. கீறுறதை மட்டும் மாத்திக் குடுங்கோ” என்றார். அந்தக் கோரிக்கையில் ஒரு தெளிவு இருந்தது. விஷயம் தெரிய வேண்டும், அதே படத்தைத் திரும்பத் திரும்பக் கீறத் தேவையில்லை. மகனை ஒலிக்கோவைக் குழுவுக்கு மாற்றினோம்.

இரண்டாவது அழைப்பு அதே வாரத்தில். வகுப்பில் ஒரு மாணவி சில நாட்களாகப் பேசாமல் இருந்ததையும், படம் கீறும் நேரத்தில் தாளை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்ததையும் ஆசிரியை குறித்து வைத்திருந்தார். அழைத்தவர் அவளுடைய தாய். தன் தாயார், அதாவது மாணவியின் பாட்டி, வதிவிடப் பாடசாலையில் படித்தவர் என்றார். பள்ளிப் படிவத்தில் பூர்வகுடி என்று குறிப்பிடுவது விருப்பத்துக்கு உட்பட்டது; அந்தக் குடும்பம் குறிக்கவில்லை, அதற்கு அவர்களுக்குக் காரணங்கள் இருந்தன.

தாய் கோபமாகப் பேசவில்லை என்று ஆசிரியை சொன்னார். அவர் சொன்னது இரண்டு விஷயம். பாடத்தை நிறுத்தச் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியட்டும். ஆனால் மகள் வீட்டுக்கு வந்து, எங்கள் ஆட்கள் வகுப்பில் செத்துக் கிடக்கிறார்கள் என்று சொன்னாள். பாட்டியோ உயிரோடு இருக்கிறார், தினமும் பேத்தியோடு சண்டை போட்டுக்கொண்டு மணி கோர்க்கச் சொல்லிக் கொடுக்கிறார். அது எந்தப் படத்திலும் இல்லை. இரண்டாவது, இதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று எங்கள் ஆட்களில் யாரிடம் கேட்டீர்கள்?

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

படம் கீறும் வேலை அன்றே நிறுத்தப்பட்டது. சுவரில் இருந்தவை கழற்றி, பிள்ளைகளிடமே திருப்பித் தரப்பட்டன. எறியவில்லை, பிள்ளைகள் உண்மையாக உழைத்துக் கீறியவை அவை. ஏன் கழற்றுகிறோம் என்று மாணவியைக் குறிப்பிடாமல் ஆசிரியை விளக்கினார்.

அடுத்த கூட்டத்தில் மூன்று வழிகள் பேசப்பட்டன. மாணவியை அந்தப் பாட நேரத்தில் நூலகத்துக்கு அனுப்புவது முதல் வழி. அதிபருக்கு அது சுலபமாகத் தெரிந்தது. அவளைப் பற்றிய வரலாறு நடக்கும்போது அவளையே வெளியே அனுப்புவதா என்று இசை ஆசிரியர் கேட்டார், அத்தோடு அது முடிந்தது. இரண்டாவது, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பழைய பயிற்சித்தாளுக்குப் போவது. தாயே நிறுத்த வேண்டாம் என்று சொன்ன பிறகு, அது எங்கள் வசதிக்காக எடுக்கும் முடிவாக மட்டுமே இருந்திருக்கும். மூன்றாவது, கல்விச் சபையின் பூர்வகுடிக் கல்விப் பிரிவு வழியாக ஒரு மூத்தவரை அழைத்து, மீதிப் பாடத்தின் வடிவத்தை அவரோடு சேர்ந்து தீர்மானிப்பது. அதைத் தேர்ந்தோம். அதனால் பாடம் இரண்டு வாரம் தள்ளிப்போனது. 1914 வரையான பாடத்தில் வேறொரு பகுதி சுருங்கியது. அதை ஆசிரியை தயங்காமல் ஏற்றுக்கொண்டார்.

மாணவியின் பாட்டியை அழைக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. அது வேண்டாம் என்று உடனே முடிவானது. தன் குடும்பத்தை வகுப்புக்குப் பாடப்பொருளாக்க அந்தப் பிள்ளை கேட்கவில்லை.

மூதாட்டியின் வருகை

வந்தவர் வட ஒன்ராறியோவைச் சேர்ந்த அனிஷினாபே மூதாட்டி. சிறுவயதில் சில ஆண்டுகள் வேறொரு வதிவிடப் பாடசாலையில் இருந்தவர். அவரிடம் உதவி கேட்கும்போது துணியில் முடிந்த புகையிலையைக் கையில் கொடுத்துக் கேட்க வேண்டும் என்று கல்விச் சபையில் சொல்லித் தந்தார்கள். நம் ஊரில் வெற்றிலை வைத்து அழைப்பதை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட விளங்கும்: வாங்கிக்கொண்டால் சம்மதம். ஆசிரியை முதலில் சந்தித்தபோதே அதைக் கொடுத்தார்; வருகைக்கான பணம் தனியாக, தாமதமில்லாமல் கொடுக்கப்பட்டது.

நாங்கள் செய்ததை எல்லாம் அவர் பார்த்தார். ஒலிக்கோவையைக் கேட்டுவிட்டு, சப்பாத்துச் சத்தம் யாருடைய வேலை என்று விசாரித்தார். ‘சீக்ரெட் பாத்’ பற்றி அவருக்குக் கலவையான கருத்து. நாடு முழுக்கத் தெரியவந்தது நல்லது என்றார். எங்கள் பாடகர் ஒருவர் நாற்பது வருடத்துக்கு முன்பே பாடினார், அப்போது ஏன் நாடு கேட்கவில்லை என்பதையும் பிள்ளைகளிடம் கேளுங்கள் என்றார். டவுனியின் வேலையில் சேனியின் குடும்பமும் ஈடுபட்டது, குடும்பத்தின் பெயரும் சேர்ந்த ஒரு நிதியம் இன்று பள்ளிகளோடு வேலை செய்கிறது என்பதை ஆசிரியை சொன்னபோது, தெரியும் என்று தலையசைத்தார். கேள்வி அவருக்கு அப்படியேதான் இருந்தது. அதை மறுநாள் வகுப்பில் போட்டோம். ஒரு மாணவி, பிரபலமான ஆள் சொன்னால்தான் கேட்பார்கள் என்றாள். இன்னொருவன், வெள்ளைக்காரர் சொன்னால்தான் கேட்பார்கள் என்றான். வகுப்பில் கொஞ்சம் சலசலப்பு. ஆசிரியை அதற்குத் தீர்ப்புச் சொல்லவில்லை.

வகுப்பில் மூதாட்டி தன் பாடசாலைக் காலத்தைப் பற்றிக் குறைவாகவே பேசினார். அதற்கு முன்பிருந்த வீட்டைப் பற்றி நிறையப் பேசினார்: ஆற்றில் மீன் வலை, புகையிட்ட மீன், அப்பா திட்டுவது, பள்ளியிலிருந்து வந்த பிறகு தன் அம்மாவின் பேச்சு பாதிதான் விளங்கியது. பிள்ளைகள் கேட்ட கேள்விகள் மாறின. மீனை எப்படிப் புகையிடுவது என்று ஒருவன் விடாமல் கேட்டான்.

போகும்போது ஒரு யோசனை சொன்னார். அந்தப் பையனைக் கீற வேண்டாம். அவன் எந்த ஊருக்குப் போக நடந்தானோ, அந்த ஊரைத் தேடிப் பாருங்கள்.

இரண்டாம் கட்டமும் விளைவும்

தேடுவது கடினமாக இருந்தது. ஒகோக்கி போஸ்டுக்கு இன்றும் ஆண்டு முழுவதும் ஓடும் சாலை கிடையாது. விமானம், இல்லாவிட்டால் குளிர்காலத்தில் பனிச்சாலை. ஆல்பனி ஆறு எங்கே ஓடுகிறது என்று பிள்ளைகள் வரைபடத்தில் விரலை வைத்துத் தேடினார்கள். சேனியின் உடல் ரயிலிலும் பிறகு விமானத்திலும் ஊருக்கு எடுத்துச் செல்லப்பட்ட வழியைக் கெனோராவிலிருந்து ஒரு நீளத் தாளில் கீறினார்கள். அதே தாளில் அவன் நடந்த 12 மைலை ஒருத்தி குறித்தாள். அளவுத்திட்டத்தின்படி அது சுண்டுவிரல் நகம் அளவுதான் வந்தது. பார்க்காத ஊரைக் கற்பனை செய்து கீறுவதா என்ற கேள்வியும் எழுந்தது. புகைப்படத்திலோ வரைபடத்திலோ கண்டதை மட்டும் கீறலாம் என்று வகுப்பே விதி வைத்துக்கொண்டது. மிதவை விமானம், ஆற்றங்கரை, ஊசியிலை மரங்கள். நிறம் தாராளமாக வந்தது.

பேசாமல் இருந்த மாணவி இந்தக் கட்டத்தில் ஒரு தாளின் ஓரங்களில் மணிவேலைப் பூக்கோலம் கீறினாள், நடுவை வெறுமையாக விட்டாள். அதைக் காட்சிக்கு வைக்க வேண்டாம் என்றாள். வைக்கவில்லை. அவள் வகுப்பில் தன் குடும்பத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. படம் கீறும் நேரத்தில் தாளைத் திருப்பித் தருவது நின்றது. இதற்கு மேல் அதில் அர்த்தம் தேட எனக்கு விருப்பமில்லை.

மேடை நிகழ்ச்சியாகச் செய்யலாம் என்று அதிபர் விரும்பினார். ஒலிக்கோவைக்குக் கைதட்டல் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்த்ததும் மூவருக்கும் ஒவ்வவில்லை. நூலகத்தில் ஒரு மூலை ஒதுக்கி, இரண்டு காதொலிப்பான்கள், நீளத் தாள், படக்கதை நூல், மாத இதழ்க் கட்டுரையின் நகல் என்று வைத்தோம். மற்ற வகுப்புகள் இரண்டிரண்டு பேராக வந்து கேட்டார்கள்.

ஜூனில், பாடம் முடிந்து பல மாதங்கள் கழித்து, ஆசிரியை முன்னறிவிப்பில்லாமல் ஒரு பக்கம் எழுதச் சொன்னார். சேனியின் பெயரை எல்லாரும் எழுதியிருந்தார்கள், பாடசாலை கொடுத்த பெயரை விட்டு அவன் சொந்தப் பெயரை. 1966 என்பதும் பலருக்கு நினைவிருந்தது. பலகையில் போட்ட மூன்று கட்டங்களைப் பற்றித் தாங்களாகவே எழுதியவர்கள் இருந்தார்கள். ஆனால் யூரிகள் எழுதியதை நினைவு வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். பாடசாலைகளை அமைத்தது யார், பணம் கொடுத்தது யார் என்ற கேள்விக்குப் பலர் மங்கலாகவே பதில் எழுதினார்கள். ‘கெட்ட ஆசிரியர்கள்’ என்று முடித்தவர்களும் உண்டு. பாட்டும் படமும் ஒரு பிள்ளையை அருகில் கொண்டுவந்துவிடும். சட்டம், பட்ஜெட், தேவாலய ஒப்பந்தம் இவற்றுக்கு முகம் இல்லாததால் அவை பின்னால் தங்கிவிடுகின்றன. இந்தக் குறையை இன்னொரு பாட்டால் தீர்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்கு உட்கார்ந்து வாசிக்கத்தான் வேண்டும்.

அடுத்த முறை மாறுபவை

மூத்தவரைச் சந்திப்பது முதல் வேலையாகிறது, பாடத்திட்டம் எழுதுவதற்கு முன். வகுப்பில் பூர்வகுடிப் பிள்ளை இருக்கிறதா என்று படிவத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. எப்போதும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுவோம். வீட்டுக் கடிதம் தமிழ் உட்பட மூன்று மொழிகளில் போகும், கீறும் வேலைக்கு மாற்று உண்டு என்பது அதிலேயே இருக்கும்.

வில்லி டன்னின் பாட்டு முதலில், டவுனியின் பாடல்கள் பிறகு. இரண்டுக்கும் நடுவில் யூரிகளின் தீர்ப்பு, அதை எழுதிய ஆண்டுக்குப் பிறகும் பாடசாலைகள் எத்தனை ஆண்டு ஓடின என்ற காலக்கோடு. அந்தக் கோடு வகுப்புச் சுவரில் 1914இல் நிற்காமல் கதவைத் தாண்டி 1990கள் வரை போகும்.

நெருப்புக்குச்சிப் பாடம் அப்படியே இருக்கும். கைமேளமும் நடிப்பும் இல்லை என்ற விதிகளும் அப்படியே.

மூதாட்டி மறுபடி வர ஒப்புக்கொண்டிருக்கிறார். இம்முறை ஒரு நாளுக்குப் பதிலாக இரண்டு நாள் வேண்டும் என்கிறார், கூடவே மணிவேலை சொல்லித்தர ஒருவரையும் அழைத்துவர விரும்புகிறார். இரண்டாம் ஆளுக்கான பணமும் போக்குவரத்துச் செலவும் பள்ளி பட்ஜெட்டில் இல்லை. அதற்கான விண்ணப்பம் அதிபரின் மேசையில் இருக்கிறது.